ஹட்டன் மழையில் தோற்கவசம்: முன்கைக் காப்பும் முழங்கைக் கிண்ணமும்

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, இலங்கை மலைநாட்டின் ஹட்டனில் எங்கள் குழுவின் பிரம்புவாள் பயிற்சி மறுபடியும் வெளி மைதானத்துக்கு வந்துவிட்டது. மழைக்கு முன்னர் செய்த தோற்கவசத்தில் எது நின்றது, எது போயிற்று என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. முன்கைக் காப்புகள் இரண்டும் உருக்குலையாமல் இருக்கின்றன. முழங்கைக் கிண்ணங்களில் ஒன்று விளிம்பில் வெடித்து, பழுதுபார்க்கப்பட்டு, இன்று வெடிக்காத மற்றதைவிட உறுதியாக உழைக்கிறது. முதலில் அடித்த ஆணிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடியைத் தாங்குவதற்கென்று செய்த பொருளை அடியைவிட ஈரம்தான் அதிகமாகச் சோதித்தது. ஆகவே இந்தப் பதிவில் தைப்பதைவிடக் காயவைப்பதைப் பற்றியே கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் ஆடுவது ஐரோப்பிய இடைக்காலப் போர்முறையைத் தழுவிய ஆட்டம். 1966இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் தொடங்கிய ‘சொசைட்டி ஃபோர் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்’ என்ற அமைப்பின் விதிகளை அளவுகோலாக வைத்துக்கொண்டோம். அவற்றின்படி வாள் என்பது குறைந்தது ஒன்றேகால் அங்குல, அதாவது ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிரம்பு. முழங்கை, முழங்கால் போன்ற மூட்டுகளின் மேல் மெத்தை வைத்த விறைப்பான காப்பு இருக்க வேண்டும். தடித்த தோல் என்று அவர்கள் சொல்வது சுமார் 4.4 மில்லிமீற்றர் கனமுள்ள, மரப்பட்டையில் பதனிட்ட தோலை. பிரம்பு எங்களுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. கொழும்பு–கண்டி வீதியில் வேவல்தெனியவைக் கடப்பவர்கள் எல்லோருக்கும் அந்தக் கடைகள் தெரியும். எங்களில் பாதிப் பேர் சிலம்பம் பழகியவர்கள் என்பதால் அடி விழும் வேகமும் குறைவாக இல்லை. அதனால்தான் கவசம் அலங்காரமாக இருந்தால் போதாது என்று ஆயிற்று.

இணையத்தில் கிடைக்கும் கவசப் படங்களில் பெரும்பாலானவை தோலின் மேல் வரிசையாகக் குமிழ் ஆணி பதித்தவை. அவற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய ஓவியங்களிலும் சிலைகளிலும் தெரியும் அந்தக் குமிழ்கள், துணிக்கோ தோலுக்கோ உட்புறம் பொருத்தப்பட்ட இரும்புத் தகடுகளைப் பிடித்திருக்கும் ஆணித் தலைகள். தகடு இல்லாமல் ஆணி மட்டும் எந்த அடியையும் தடுக்காது. வெந்நீரில் இட்டுச் சுருக்கி, காயவைத்து விறைப்பாக இறுக்கிய தோலோ உண்மையாகவே பயன்பட்ட பொருள். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய மேற்கைக் காப்பு ஒன்று இருக்கிறது. 1278இல் முதலாம் எட்வர்ட் மன்னர் விண்ட்சர் பூங்காவில் நடத்திய போட்டிக்காக 38 தோற்கவசங்கள் வாங்கப்பட்ட கணக்கும், அதே போட்டிக்குத் திமிங்கில எலும்பாலும் தோல்தாளாலும் வாள்கள் செய்யப்பட்ட குறிப்பும் கிடைக்கின்றன. விளையாட்டுச் சண்டைக்குத் தோல் அணிவது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல என்று தெரிந்தபோது குழுவில் சிலருக்கு ஆறுதலாக இருந்தது.

முதலில் கையில் கிடைத்தது நாற்காலி உறைக்குப் பயன்படும் தடித்த மாட்டுத்தோல். விலை மலிவு, கனமும் மூன்று மில்லிமீற்றருக்கு மேல். அதை வெந்நீரில் இட்டபோது ஒன்றுமே நடக்கவில்லை. சுருங்கவும் இல்லை, காய்ந்த பின் விறைக்கவும் இல்லை. நனைந்த துணிபோல் போய், உலர்ந்த துணிபோல் வந்தது. வெட்டிய விளிம்பை உற்றுப் பார்த்தால் காரணம் தெரியும். நடுப்பகுதி சாம்பல் கலந்த நீலமாக இருந்தால் அது குரோமிய உப்பில் பதனிட்ட தோல். அத்தகைய தோல் சுருங்குவதற்கு 100 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பமோ அதற்கு மேலோ தேவை. ஹட்டன் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 96 பாகைக்குச் சற்று முன்னரே கொதித்துவிடுகிறது. நுவரெலியாவில் இன்னும் இரண்டு பாகை குறையும். ஆகவே மலைநாட்டுத் திறந்த சட்டி எதிலும் அந்தத் தோலை இறுக்க முடியாது. அது பின்னர் மெத்தையின் உறையாகப் பயன்பட்டது. முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன்.

தேவையானது பட்டைச்சாறு போன்ற தாவரத் துவர்ப்பில் பதனிட்ட தோல். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பழைய முறை. கொழும்பு புறக்கோட்டையில் செருப்புச் சாமான் விற்கும் கடைகளில் அடித்தோல் என்று கேட்டால் நிறுத்துத் தருவார்கள். விளிம்பு முழுவதும் ஒரே பழுப்பாக இருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சிக் கருக்க வேண்டும். நான் கூடவே ஒரு சிறு போத்தலில் இரும்புத் தும்பு ஊறிய வினாகிரி கொண்டுபோனேன். அதில் ஒரு சொட்டு துவர்ப்புத் தோலில் பட்டதும் கறுத்துவிடும், குரோமியத் தோலில் அப்படிக் கறுக்காது. கடைக்காரர் முகம் சுளித்தார். ஆனால் ஓரத்தில் ஒரு சொட்டு விட அனுமதித்தார். கனம் 4.5 மில்லிமீற்றர், எடை இரண்டரைக் கிலோ.

அடுத்தது சுருக்கத்தை அளப்பது. வெந்நீரில் இட்ட தோல் எவ்வளவு சுருங்கும் என்பது தோலுக்குத் தோல், ஒரே தோலிலும் முதுகுக்கும் வயிற்றுக்கும் மாறும். பிறர் சொல்லும் விகிதத்தை நம்பி மாதிரி வெட்டினால் காப்பு கையில் ஏறாது. பத்துச் சென்ரிமீற்றர் நீளமுள்ள கீற்றுகளை வெட்டி, குளிர்ந்த நீரில் குமிழி வருவது நிற்கும்வரை ஊறவைத்து, 82 பாகை நீரில் வெவ்வேறு நேரம் வைத்துப் பார்த்தேன். அரை நிமிடம் இருந்தது 94 மில்லிமீற்றராகச் சுருங்கியது; காய்ந்த பின்பும் விரலால் வளைக்க முடிந்தது. ஒரு நிமிடம் இருந்தது 88 ஆகியது. தட்டினால் மரத்தட்டைபோல் ஒலித்தது. இரண்டு நிமிடம் இருந்தது 72க்கு இறங்கி, கறுத்து, வளைத்தவுடன் படீரென்று உடைந்தது. குறுக்குவாட்டில் ஒரு நிமிடச் சுருக்கம் சற்றுக் குறைவு, 91. கனமோ கூடியது. இந்தக் கீற்றுகளை நூலில் கோத்து, நேரத்தை எழுதி, இன்னும் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். புதிய தோல் வாங்கும்போதெல்லாம் இந்தச் சோதனையை மறுபடி செய்வதற்கு ஆகும் செலவு ஓர் உள்ளங்கை அகலத் தோல்தான்.

இந்த அளவுகளை வைத்து மாதிரி மட்டையைப் பெரிதாக்கினேன். முடிந்த காப்பின் நீளம் 22 சென்ரிமீற்றர் வேண்டுமென்றால் வெட்டும் நீளம் 25. முழங்கைக்குக் கீழே 27 சென்ரிமீற்றர் சுற்றளவு வேண்டுமென்றால் வெட்டுவது ஏறத்தாழ 30. சுற்றளவை எடுக்கும்போது மெத்தையும் கையில் சுற்றியிருக்க வேண்டும். மெத்தைக்குப் பழைய கம்பளி ஒன்றை இரண்டு மடிப்பாக மடித்து, சாரத்துணியில் உறையிட்டு, இரண்டு விரல் இடைவெளியில் ஓட்டுத் தையல் போட்டேன். மலையில் கொழுந்து பறித்தவர்கள் குளிருக்கும் மழைக்கும் போர்த்திய அந்தத் தடித்த கம்பளியைப்போல அடியைத் தாங்கும் துணி கடையில் கிடைக்கவில்லை. கழுவிக் கழுவி இறுகிய கம்பளி இன்னும் நல்லது.

வெந்நீருக்குப் பெரிய அலுமினிய அண்டா ஒன்றை இரவல் வாங்கினேன். நீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. சிறிய சட்டியில் தோலை இட்டதும் வெப்பம் விழுந்துவிடும். அண்டாவில் 82இலிருந்து 79க்குத்தான் இறங்கியது. கொதித்த நீரை இறக்கி இத்தனை நிமிடம் ஆறவிடு என்று சொல்லும் செய்முறைகள் இங்கே பொருந்தா. கொதிநிலையே வேறு, காற்றின் குளிரும் வேறு. வெப்பமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

ஊறிய தோல் வெந்நீரில் பட்டதும் விளிம்புகள் சுருளத் தொடங்கும், நிறம் கருக்கும். சரியாக ஒரு நிமிடத்தில் எடுத்து அச்சின்மேல் போட வேண்டும். எடுத்த பின் வளைத்து இழுத்து உருக்கொடுக்கக் கிடைப்பது சில நிமிடங்கள் மட்டுமே. அதற்குள் கையுறை, கட்டுத்துணி, மரச்சுத்தியல் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முன்கைக்கு அச்சு, தேயிலைக்கு நிழல் தரும் சவுக்குமரக் கட்டையைக் கூம்பாகச் செதுக்கியது. முழங்கைக் கிண்ணத்துக்குக் குழிவான உரு வேண்டும் என்பதால் ஆட்டுக்கல் குழவியின் தலைமேல் தோலைக் கவிழ்த்து இழுத்தேன். கயிற்றால் கட்டினால் கயிற்றின் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடும். நான்கு விரல் அகலப் பருத்தித் துணியால் சுற்றிக் கட்டுவதே சரி. கிண்ணத்தின் விளிம்பில் மடிப்பு விழும். அதை வெட்டி எடுக்காமல், சுத்தியலின் முனையால் தட்டித் தட்டி உள்ளே அமுக்கினால் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

இனிக் காயவைப்பது. ஆனி, ஆடி மாதங்களில் ஹட்டன் வீடுகளின் முன்விறாந்தையான ஸ்தோப்பில் எதைத் தொங்கவிட்டாலும் அது காயாது. முதற் காப்பு அங்கே தொங்கி, காய்வதற்குப் பதில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பிடித்தது. அடுத்ததை அடுப்பங்கரையில் வைத்தேன். நெருப்பைப் பார்த்த பக்கம் மட்டும் விரைவாக உலர்ந்து, காப்பு முறுக்கிக்கொண்டு, மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் விட்டது. தேயிலை ஸ்டோரின் (தொழிற்சாலையின்) மேல்மாடியில் கொழுந்து வாட்டும் இடத்தில் இளஞ்சூட்டுக் காற்று இரவு பகலாக ஓடுகிறதே என்று டீமேக்கர் ஐயாவிடம் கேட்டுப் பார்த்தேன். “தம்பி, தேயில எந்த வாடையையும் இழுத்துக்கும், ஒங்க தோல அங்க தொங்கவிட்டா நான் வேலைய விட்டுட்டுப் போக வேண்டியதுதான்” என்று சிரித்தபடி மறுத்தார். நியாயமான மறுப்பு.

ஆகவே ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி செய்தேன். அடியில் 100 வாற்று இழைக்குமிழ் விளக்கு, அதற்கு மேல் கம்பி வலை, பக்கத்தில் பழைய கணினியிலிருந்து எடுத்த சிறு விசிறி, மேலே மூன்று துளைகள். உள்ளே வெப்பம் 45இலிருந்து 50 பாகைக்குள் நின்றது. அதற்கு மேல் போனால் விளிம்பு முன்கூட்டியே காய்ந்து சுருள்கிறது; துளைகளில் ஒன்றைத் திறந்தோ அடைத்தோ சரிசெய்யலாம். காய்ந்ததா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, தராசுதான் சொல்லும். ஒரு முன்கைக் காப்பு ஈரத்தில் 380 கிராம் இருந்தது. எடை 240க்கு வந்து, அடுத்த நாளும் 240ஆகவே நின்ற பிறகுதான் அச்சிலிருந்து கழற்றினேன். முழுவதும் காயுமுன் அவசரப்பட்டுக் கழற்றிய கிண்ணம் ஒன்று வாய் விரிந்துபோயிற்று. அதை மீண்டும் குளிர்ந்த நீரில் நனைத்துக் கட்டியும் பழைய இறுக்கம் வரவில்லை.

நிறத்துக்குச் செலவே இல்லை. தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்த கடுஞ்சாயத்தை இரண்டு தடவை பூசி, அது ஊறியதும் மேலே சொன்ன இரும்பு வினாகிரியைப் பூசினால் தோல் கண்ணெதிரே கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறது. சாயத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை இது. பின்னர் அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து அமிலத்தைப் போக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் நாளடைவில் பொடியும். துடைத்ததும் மறுபடியும் பெட்டிக்குள்.

மேற்பூச்சில் ஒரு குழப்பம் நேர்ந்தது. முதலில் தேங்காயெண்ணெய் தடவினேன். சில நாட்களில் கறுப்பின்மேல் வெண்படலம் படர்ந்ததைக் கண்டு பூஞ்சணம் என்று எண்ணி, ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து அலுத்தேன். அது பூஞ்சணமே அல்ல. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், ஹட்டனின் காலைக் குளிரில் அது தோலின்மேல் வெள்ளையாகக் கட்டியிருந்தது. முடி உலர்த்தும் கருவியின் சூடு பட்டதும் படலம் மறைந்தால் அது கொழுப்பு, மறையாவிட்டால் பூஞ்சணம். இப்போது இரண்டு பங்கு தேன்மெழுகும் ஒரு பங்கு ஆமணக்கெண்ணெயும் வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, காய்ந்த காப்பில் மெல்லியதாகத் தேய்க்கிறேன். எண்ணெயைக் கூட்டினால் இறுக்கிய தோல் மீண்டும் இளகும். மெழுகைக் கூட்டினால் எடை ஏறும்.

பலம் எவ்வளவு என்று பார்க்க, வெட்டி விழுந்த வாழை மரத்தின்மேல் வைத்து, ஒரே ஆள் ஒரே பிரம்பால் அடித்தோம். வெறும் வாழைத்தண்டில் பள்ளம் 30 மில்லிமீற்றருக்கு மேல். இறுக்காத தோலின் கீழே 18. இறுக்கிய தோலின் கீழே 7. கம்பளி மெத்தையும் சேர்ந்தபோது பள்ளத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஆய்வுகூடச் சோதனை அல்ல. ஆனால் மெத்தை தேவையில்லை என்று வாதிட்டவர்கள் அதன் பிறகு வாதிடவில்லை.

ஆணிகள் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்தேன். நகரத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர், கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தத் தோலுக்கு இரும்பு ஆணி ஆகாது, ஒரு மழையிலேயே கறுத்துப்போயிரும்” என்றார். கையில் இருந்தது இரும்பு ஆணிதான், அதையே அடித்தேன். மழைக்காலம் பாதி கடக்குமுன் ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் தோல் மக்கி, நகத்தால் கிள்ளினால் உதிரும் நிலைக்கு வந்தது. இடது கிண்ணம் வெடித்ததும் அங்கிருந்துதான்: விளிம்பிலிருந்து எட்டு மில்லிமீற்றர் மட்டும் உள்ளே இருந்த துளையில் தொடங்கி, ஓர் அடியில் விளிம்புவரை பிளந்தது.

பழுதுபார்த்த முறை இது. மக்கிய பகுதியைக் கூர்க்கத்தியால் சுத்தமான தோல் தெரியும்வரை சுரண்டி எடுத்தேன். வெடிப்பின் உள்முனையில் மூன்று மில்லிமீற்றர் வட்டத்துளை இட்டேன். வெடிப்பு அதற்கு மேல் ஓடாமல் நிற்பதற்கு இது அவசியம். உட்புறம், அதே தோலில் மூன்று விரல் அகல ஒட்டு ஒன்றை நனைத்து, கிண்ணத்துக்குள்ளேயே அமுக்கி உருக்கொடுத்து, காயவைத்து, ஓரங்களைச் சீவி, செருப்பு ஒட்டும் பசையால் ஒட்டினேன். பின்னர் ஐந்து மில்லிமீற்றர் இடைவெளியில் குத்தூசியால் துளையிட்டு, ஒரே மெழுகு நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் நூலைச் செலுத்தித் தைத்தேன். இயந்திரத் தையலில் ஓர் இழை அறுந்தால் வரிசையே தளரும். இந்தத் தையலில் அறுந்த இடத்தோடு நின்றுவிடும். நூலைத் தையல் நீளத்தின் நான்கு மடங்குக்குச் சற்று அதிகமாக வெட்டிக்கொள்ள வேண்டும். இறுக்கிய தோல் கனத்தது, நூலை விழுங்கும்.

புதிய ஆணிகள் செம்பு. மூன்று மில்லிமீற்றர் விட்டமுள்ள செப்புக் கம்பியைச் செந்தணலாகக் காய்ச்சி நீரில் தோய்த்தால் அது மென்மையாகும். அதைத் துண்டாக்கி, இருபுறமும் செப்பு வளையத் தகடு வைத்து, தகட்டுக்கு மேலே கம்பி விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீட்டிவிட்டு, உருண்டைத்தலைச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டித் தலை அமைத்தேன். துளைகளை விளிம்பிலிருந்து 15 மில்லிமீற்றர் உள்ளே தள்ளினேன். வார்கள் வெந்நீர் காணாத மூன்று மில்லிமீற்றர் தோல். இறுக்கிய தோலில் வார் செய்தால் கொளுவி மடங்கும் இடத்தில் உடையும். பழைய வார்கள் கிண்ணத்தோடு நேரடியாக ஆணியடிக்கப்பட்டிருந்தன. இப்போது ஒரு சிறு வளையத்தில் மாட்டிக் கழற்றும்படி வைத்திருக்கிறேன், ஏனெனில் வியர்வையில் ஊறி முதலில் கெடுவது வார்தான்.

செலவு: அடித்தோல் 6,000 ரூபா, பயன்படாத உறைத்தோல் 1,800, செப்புக் கம்பி 900, கொளுவிகள் 960, தேன்மெழுகு 750, நூலும் ஊசிகளும் 650, வெப்பமானி 1,500, பெட்டிக்கான விளக்கும் விசிறியும் பிறவும் 1,400. மொத்தம் 14,000 ரூபாவுக்கு நாற்பது குறைவு. இரண்டாவது சோடிக்கு இதில் பாதிக்குச் சற்று மேலேதான் ஆகும்.

பயிற்சி முடிந்ததும் காப்புகளைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிவைக்கக் கூடாது. அங்கே ஓரிரவு போதும் பூஞ்சணத்துக்கு. மெத்தையைக் கழற்றித் தனியே காயவிட்டு, தோலைத் துடைத்து, விளக்கு அணைத்த பெட்டிக்குள் ஒரு துணிப்பை மரக்கரியோடு தொங்கவிடுகிறோம். கரியை வாரத்துக்கு ஒருமுறை அடுப்பின்மேல் சூடாக்கி மறுபடி வைக்கிறோம்.

அடுத்து மார்புக் கவசம். அதை ஒரே தோலில் செய்யப்போவதில்லை. அவ்வளவு பெரிய துண்டைச் சமமாக இறுக்க அண்டாவும் போதாது, காயவைக்கப் பெட்டியும் போதாது. எட்டுக்கு ஐந்து சென்ரிமீற்றர் பலகைகளாக வெட்டி, தனித்தனியே இறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி வாரால் கோப்பதே எண்ணம். ஒரு பலகை உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். வயிற்றுப்பகுதித் தோல் அதிகமாகச் சுருங்குவதால், பலகைகளை முதுகுப்பகுதியிலிருந்து மட்டும் வெட்டப்போகிறோம். மாதிரி மட்டை தயாராகிவிட்டது. தோலைத் தைப்பொங்கலுக்குப் பிறகு வாங்குவோம், மாசி, பங்குனியில் இந்தப் பக்கத்தில் வெயில் இருக்கும்.